சூடேறிய கொயில் சொல்லும் சாட்சி

லிந்துலைக்கு அண்மையில் உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது:

"ஐயா, தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற என் தகப்பனார் விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 கார் என்னிடம் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மூன்று மாதங்கள் தகரக் கொட்டகையில் ஓடாமல் நின்றது. இப்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணிப் பூட்டினால் ஸ்டார்டர் நன்றாகச் சுற்றுகிறது, காபரேட்டருக்குப் பெற்றோல் வருகிறது, சுவிச்சைப் போட்டால் சிவப்பு விளக்கும் எரிகிறது. ஆனால் பிளக்கில் பொறி இல்லை. இங்குள்ள மெக்கானிக் பாஸ் ஒருவர் நான்கு பிளக்குகளையும், மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பொயின்டையும், அதோடு சேர்ந்த கண்டென்சரையும் புதிதாக மாற்றினார். பலனில்லை. சுவிச் போட்டபடி பொயின்டை விலக்கிப் பார்த்தபோது அங்கேயும் பொறி வரவில்லை. பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தரும் கொயிலிலிருந்து மின்சாரமே வரவில்லை என்று கூறி அதையும் மாற்றினார். புதுக் கொயில் பத்து நிமிடத்தில் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. அதுவும் பழுதா? தோட்டத்துப் பாதையின் இறக்கத்தில் இரண்டு தடவை உருட்டியும் பார்த்தோம். மலையில் காற்றுக் குறைவு, குளிர் அதிகம், அதனால் பொறி வராது என்கிறார்கள் சிலர். பொயின்டை எறிந்துவிட்டு எலெக்ட்ரோனிக் முறைக்கு மாற்றும்படி பாஸ் சொல்கிறார். என்ன செய்யலாம்?"

அன்புள்ள வாசகருக்கு,

இனி எந்த உதிரிப்பாகத்தையும் வாங்க வேண்டாம். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பவும் வேண்டாம். உங்கள் காரில் பழுது எங்கே இருக்கிறது என்பதை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். ஆனால் அதை இரண்டு வேறு வரிகளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போல எழுதியிருக்கிறீர்கள். கொயில் சூடாகிறது என்பது ஒரு வரி. பொயின்டை விலக்கினால் பொறி வரவில்லை என்பது மற்றது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால், தேட வேண்டிய இடம், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே, ஒரு தீப்பெட்டியின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும். பற்றரியின் மின்சாரம் சுவிச் வழியாகக் கொயிலின் ஒரு முனைக்கு வருகிறது. பழைய லூகாஸ் கொயில்களில் அந்த முனைக்கு எஸ்.டபிள்யூ. என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். கொயிலுக்குள் இருக்கும் தடித்த கம்பிச் சுற்றைக் கடந்து, சி.பி. என்று பொறித்த மறுமுனை வழியாக வெளியேறி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்டுக்குப் போகிறது. பொயின்ட் மூடியிருக்கும்போது மின்சாரம் அதனூடாக எர்த்தில், அதாவது காரின் உலோக உடலில், இறங்கி, கொயிலுக்குள் காந்தப்புலத்தை எழுப்புகிறது. பொயின்ட் திறக்கும் கணத்தில் மின்சாரம் அறுபட, காந்தப்புலம் சரிந்து, மெல்லிய கம்பிச் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. ஆகவே பொறியைப் பிறப்பிப்பது மின்சாரம் ஓடுவது அல்ல, ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் சட்டென்று அறுவதே. உங்கள் கார் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது இந்த அறுபடல் நிமிடத்துக்கு 6,000 தடவை நிகழ்கிறது. ஓடாமல் இருந்தாலும் பொறி இல்லை, ஓடி அறாமல் இருந்தாலும் பொறி இல்லை. பாஸ் முதலாவதை மட்டுமே நினைத்தார். உங்கள் காரில் நடப்பது இரண்டாவது.

கொயில் சூடாவது எதனால்? அதற்குள் மின்சாரம் ஓடுவதனால்தான். இந்தக் காருக்குரிய கொயிலின் தடித்த சுற்றுக்கு ஏறத்தாழ 3 ஓம்ஸ் தடை உண்டு. 12 வோல்ட்டை அதனால் வகுத்தால் 4 அம்பியர், அதாவது ஏறத்தாழ 48 வொட். பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்று தின்னும் அளவு மின்சாரத்தை ஒரு சிறிய தகர டப்பாவுக்குள் அடைத்து வைத்தால் அது சூடாகாமல் வேறென்ன செய்யும்? எனவே கை சுடும் கொயிலைக் கொண்டு மூன்று விடயங்களை உறுதியாகச் சொல்லலாம்: சுவிச்சும் அதிலிருந்து வரும் வெள்ளை வயரும் சரி, கொயிலின் தடித்த சுற்று அறுபடவில்லை, சி.பி. முனைக்குப் பிறகு எங்கேயோ எர்த் கிடைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாவிட்டால் நான் உங்களைத் தவறாக வழிநடத்தியவனாவேன். கொயில் சூடாவது மட்டும் பழுதின் அடையாளம் ஆகாது. பழுதே இல்லாத காரிலும், இயந்திரம் நின்ற இடத்தில் பொயின்ட் மூடியிருந்து, சுவிச்சைப் போட்டபடி விட்டால் கொயில் சூடாகத்தான் செய்யும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் சுழன்று பொயின்டைத் திறக்கும் நான்கு முகக் கேமில் ஒவ்வொரு முகத்துக்கும் உரிய 90 பாகையில் ஏறத்தாழ 60 பாகைக்குப் பொயின்ட் மூடியே இருக்கும், ஆதலால் மூன்றுக்கு இரண்டு தடவை அது மூடிய நிலையிலேயே நிற்கும். ஆனால் அப்படிப்பட்ட காரில் பொயின்டைக் கையால் விலக்கினால், ஓடிக்கொண்டிருந்த 4 அம்பியர் அறும் இடத்தில் ஒரு சிறு நீலப் பொறியாவது தெறிக்க வேண்டும். உங்கள் காரில் அது தெறிக்கவில்லை. மின்சாரம் கொயிலுக்குள் ஓடுகிறது, ஆனால் பொயின்ட் வழியாக ஓடவில்லை. வாய்க்காலில் மடையை எத்தனை தடவை அடைத்தும் வயலுக்குள் தண்ணீர் நிற்காமல் பாய்ந்துகொண்டிருந்தால், வரப்பில் எங்கோ நண்டு வளை இருக்கிறது என்று அர்த்தம். பொயின்டைத் தொடாமலேயே எர்த்துக்குப் போக ஒரு குறுக்கு வழி மின்சாரத்துக்குக் கிடைத்திருக்கிறது. அது புதுப் பொயின்டும் புதுக் கண்டென்சரும் பூட்டிய நாளில் உண்டாகியிருக்கும் என்பது என் ஊகம். கைபட்ட இடத்தை முதலில் பார் என்பது எங்கள் தொழிலில் பழைய பாடம்.

இந்த ஊகத்தைச் சரிபார்க்க ஒரு மீற்றர் போதும். அது இல்லாவிட்டால் 12 வோல்ட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் இணைத்து வைத்துக்கொண்டாலும் போதும். வேலையைத் தொடங்குமுன் கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். நமது மலைப்பகுதியில் சமதரை என்று நினைத்து நிறுத்திய இடமும் சரிவுதான். பெற்றோல் வாடை அடித்தால் அது அடங்கும்வரை பொறி சோதனை எதுவும் செய்யக்கூடாது. உங்கள் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். அப்படியானால் மீற்றரின் சிவப்பு வயரை இயந்திரத்திலும் கறுப்பு வயரைச் சோதிக்கும் முனையிலும் வையுங்கள். பல்ப்பை எப்படிப் பிடித்தாலும் சரி.

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கெப்பைக் கழற்றி, சுவிச்சைப் போட்டு, கொயிலின் சி.பி. முனையில் வோல்ட் பாருங்கள். பொயின்ட் மூடியிருக்கும்போது அங்கே ஏறத்தாழ பூச்சியமும், திறந்திருக்கும்போது 12 வோல்ட்டும் காட்ட வேண்டும். பொயின்டை விலக்குவதற்கு ஸ்குரூ டிரைவரைப் பயன்படுத்தாதீர்கள். அதன் அலகு பொயின்டையும் பக்கத்து இரும்பையும் ஒருசேரத் தொட்டால் நீங்களே ஒரு புதிய குறுக்கு வழியை உண்டாக்கிவிடுவீர்கள். பாஸ் விலக்கிப் பார்த்தபோதே இது நடந்திருக்கவும் கூடும். சீவிய மூங்கில் குச்சியோ, ஐஸ்கிரீம் குச்சியோ நல்லது. விலக்கினாலும் விடுவித்தாலும் மீற்றர் பூச்சியத்திலேயே நின்றால் என் ஊகம் சரி. 12 வோல்ட்டுக்கும் பூச்சியத்துக்கும் மாறி மாறிப் போனால் என் ஊகம் தவறு, பழுது பொயின்டுக்கு அப்பால் இருக்கிறது. அந்நிலைக்குரியதைப் பின்னர் சொல்கிறேன். எப்போதும் 12 வோல்ட்டே நின்றால் பொயின்டின் முகங்களில் அழுக்கு, அல்லது பொயின்ட் அமர்ந்திருக்கும் தட்டை உடலோடு இணைக்கும் மெல்லிய எர்த் வயர் அறுந்திருக்கிறது. ஆனால் அந்தப் பழுதில் கொயில் சூடாகாது. ஆகவே உங்களுக்கு அது வாய்ப்பில்லை.

பூச்சியத்திலேயே நின்றது என்று வைத்துக்கொள்வோம். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனையில் வந்து சேரும் வயரைக் கழற்றுங்கள். கொயிலின் நடுவிலிருந்து கெப்புக்குப் போகும் தடித்த வயரின் கெப் பக்க முனையை, காப்புறையிட்ட குறட்டால் பிடித்து, இயந்திரத்தின் சுத்தமான இரும்புப் பகுதிக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிச்சைப் போட்டு, கழற்றிய மெல்லிய வயரின் நுனியை இயந்திரத்தில் தொட்டுத் தொட்டு எடுங்கள். எடுக்கும் ஒவ்வொரு தடவையும் தடித்த வயரிலிருந்து பொறி பாய வேண்டும். கண்டென்சர் டிஸ்ட்ரிபியூட்டரோடு கழன்றுவிட்டபடியால் பொறி சற்று நலிந்தே இருக்கும். பாய மறுத்தால் தூரத்தை 2 மில்லிமீற்றருக்குக் குறையுங்கள். பழைய கண்டென்சரை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் அதன் உடலை எர்த்தில் அழுத்தி, வயரைச் சி.பி. முனையில் தொடுத்துக்கொண்டு இதே சோதனையைச் செய்யுங்கள், பொறி பலமாகும். அதைத் தொடுத்ததும் பொறி அடியோடு நின்றுவிட்டால், அந்தப் பழைய கண்டென்சர் உள்ளே எர்த் ஆகிவிட்டது என்ற செய்தியும் கூடவே கிடைக்கும். இந்த ஒரு சோதனையில் சுவிச், வெள்ளை வயர், கொயில், அதன் தடித்த வயர் ஆகிய நான்கும் நிரபராதிகள் என்று விடுவிக்கப்படுகின்றன. கொயிலை மாற்றும் முன்னர் பாஸ் செய்திருக்க வேண்டியது இதுதான்.

இனி டிஸ்ட்ரிபியூட்டர். வயர் கழற்றியபடியே இருக்கட்டும், சுவிச்சையும் நிறுத்திவிடுங்கள். விசிட்டிங் காட் போன்ற ஒரு தடித்த கடதாசித் துண்டைப் பொயின்டின் இரு முகங்களுக்கும் இடையில் செருகுங்கள். மீற்றரை ஓம்ஸ் நிலைக்குத் திருப்பி, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனைக்கும் அதன் உடலுக்கும் இடையில் அளந்தால் தொடர்பே காட்டக்கூடாது. கடதாசி இடையில் இருக்கும்போதும் தொடர்பு காட்டினால், குறுக்கு வழி நம் கண்முன்னே இருக்கிறது. கண்டென்சரின் வயரை மட்டும் பிரித்துவிட்டு மறுபடி அளந்துபாருங்கள். தொடர்பு மறைந்தால் புதுக் கண்டென்சரே குற்றவாளி. புதிதாயிற்றே என்று நினைக்க வேண்டாம். பெட்டியைப் பிரித்த அன்றே பழுதாக இருந்த கண்டென்சர்களை நான் பல தடவை கையில் எடுத்திருக்கிறேன். பழையது நல்ல நிலையில் இருந்தால் அதையே திரும்பப் பூட்டுவதில் வெட்கம் இல்லை.

கண்டென்சரைப் பிரித்த பிறகும் தொடர்பு நீடித்தால் பொயின்டைப் பூட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். பத்துக்கு எட்டு தடவை பழுது இங்கேதான் இருக்கும் என்பது என் அனுபவம். ஆதலால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். உங்கள் காரின் வயதுக்குரிய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பொயின்ட் இரண்டு துண்டுகளாக வரும். ஆடும் துண்டின் மெல்லிய வில் தகடு ஒரு சிறிய மரைத் தூணில் வந்து முடிகிறது. அந்தத் தூண் எர்த்தோடு சேர்ந்த இரும்பு. வில் தகடோ மின்சாரம் வரும் பாதை. இரண்டும் ஒரே இடத்தில் அமர்ந்தாலும் ஒன்றையொன்று தொடவே கூடாது. அதற்காகத் தகட்டுக்கு அடியில் ஒரு காப்பு வொஷரும், மேலே தொப்பி வடிவில் ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷும் உண்டு. பக்கவாட்டு முனையிலிருந்து வரும் வயரின் வளையமும் கண்டென்சர் வயரின் வளையமும் அந்தத் தொப்பியின் கழுத்தைச் சுற்றி, தொப்பி விளிம்புக்குக் கீழே, வில் தகட்டைத் தொட்டபடி அமர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே நட் வரும். வளையங்களில் ஒன்றைத் தொப்பிக்கு மேலே வைத்து நட்டை இறுக்கினால், வளையம் நட்டைத் தொட, நட் தூணைத் தொட, மின்சாரம் பொயின்ட் பக்கமே போகாமல் நேராக எர்த்தில் இறங்கிவிடும். அடி வொஷரை மறந்தாலும் இதே கதைதான். ஆடும் கை சுழலும் அச்சின் அடியிலும் ஒரு சிறு காப்பு வொஷர் உண்டு. பழைய பொயின்டைத் தூக்கும்போது அது எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டு போய்க் குப்பையில் விழுவது வழக்கம்.

நான் கண்டியில் தொழில் பழகிய நாட்களில் இதே தவறைச் செய்து, ஒரு ஒஸ்டின் காரோடு காலையிலிருந்து மாலைவரை மல்லுக்கட்டியிருக்கிறேன். தேநீர் குடித்துக்கொண்டே வந்து எட்டிப்பார்த்த என் குரு ஒன்றும் பேசாமல் நட்டைக் கழற்றி, ஒரு வளையத்தைத் தொப்பிக்குக் கீழே நகர்த்திவிட்டுப் போனார். கார் முதல் உதைக்கே கிளம்பியது. ஆகவே உங்கள் பாஸைப் பற்றிக் குறைவாக நினைக்க எனக்கு உரிமையில்லை. நீங்களும் நினைக்க வேண்டாம்.

இதிலும் அகப்படாவிட்டால் எஞ்சியிருப்பது பக்கவாட்டு முனையிலிருந்து உள்ளே வரும் அந்தச் சிறு வயர் மட்டுமே. அறுபது வருடத்துக்கு மேற்பட்ட துணிக்காப்பு உரிந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் உடலையோ அடித்தட்டையோ உரசிக்கொண்டிருக்கலாம். இயந்திரம் ஓடும்போது வெக்கியூம் இழுப்பில் பொயின்ட் தட்டு முன்னும் பின்னும் அசைவதால் அந்த வயரும் சேர்ந்து வளைந்து தேய்கிறது. மிக மெல்லிய இழைகள் கொண்ட நெகிழும் வயரால் அதை மாற்ற வேண்டும். வீட்டு மின்விளக்கு வயரைப் போட்டால் சில மாதங்களில் முறியும்.

எல்லாவற்றையும் சரியாகப் பூட்டியதும் கேமின் மேட்டில் பொயின்டை நிறுத்தி, இடைவெளியை ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்குக்குள், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீற்றருக்குள் வையுங்கள். புதுப் பொயின்டின் முகங்களில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பசை பூசி அனுப்புவதுண்டு. பெற்றோலில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பின் கடதாசியை இடையில் இழுத்தெடுங்கள். கேமில் கடுகளவு கிறீஸ் தடவுங்கள். அது இல்லாவிட்டால் பொயின்டின் குதி தேய்ந்து, இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும். பத்து நிமிடம் வெந்த கொயிலைத் தொடர்பு கழற்றி, முற்றாக ஆறிய பிறகு அளந்துபாருங்கள். இரு முனைகளுக்கும் இடையில் 3 ஓம்ஸ் அளவில் காட்டினால் பயன்படுத்தலாம். 1.5 ஓம்ஸ் அளவில் காட்டினால் அது தனித் தடையோடு சேர்த்துப் பூட்டும் வேறு வகைக் கொயில், உங்கள் காருக்குரியதல்ல. அதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். புதுக் கொயிலில் பொசிட்டிவ், நெகடிவ் குறிகள் இருந்தால், பொசிட்டிவ் எர்த் காரில் பொசிட்டிவ் குறியுள்ள முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். மாற்றிப் பூட்டினாலும் கார் ஓடும், ஆனால் பிளக்கில் பொறி பாய அதிக வோல்ட் தேவைப்படும், மழைநாளில் அந்தக் குறை தெரியவரும்.

மாற்றுவதற்கு முன்பே பொறி இல்லையே, அப்போது வொஷர்கள் சரியாகத்தானே இருந்தன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. என் கணிப்பில் உங்கள் காருக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பழுதுகள் வந்திருக்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வட்டவளை, ஹட்டன் பக்கத்துச் சரிவுகளை நனைத்துக்கொண்டே இருக்கும் காலத்தில், மூன்று மாதம் தகரக் கொட்டகையில் நின்ற காரின் பொயின்ட் முகங்களில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சைப் படலம் போன்ற ஒக்சைட் படிந்துவிடும். 12 வோல்ட் அதைத் துளைத்துப் போகாது. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்துப் பொயின்டுக்கு இடையில் நாலு தடவை இழுத்திருந்தால் அன்றைக்கே கார் கிளம்பியிருக்கக்கூடும். பழைய பொயின்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், சாம்பல் நிறமாக மங்கியிருந்தால் நான் சொல்வது சரி. அந்த முதல் பழுது பொயின்டை மாற்றியதும் தீர்ந்துவிட்டது. மாற்றிய விதத்தில் இரண்டாவது உண்டாகிவிட்டது. நோய்க்குக் கொடுத்த மருந்தே வேறு நோயானபோது, பழைய நோய்தான் தீரவில்லை என்று எல்லோரும் நினைத்துவிட்டீர்கள்.

உருட்டிப் பார்த்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் காரை இறக்கத்தைப் பார்த்து நிறுத்திவிட்டுக் காலையில் உருட்டி எடுப்பது நமக்குப் பழகிப்போன வழிதான். அதனால் ஒரு தகவலும் கிடைத்தது. உருட்டும்போது ஸ்டார்டர் மின்சாரம் இழுப்பதில்லை, பற்றரியின் முழு வோல்ட்டும் கொயிலுக்குக் கிடைக்கிறது. அப்போதும் பொறி வராததால் பற்றரி நலிவு என்ற சந்தேகம் நீங்கியது. ஆனால் மூன்றாவது தடவை உருட்ட வேண்டாம். எரியாத பெற்றோல் சைலன்சரில் தேங்கி, பிறகு பொறி வரும் நாளில் அது வெடித்துக் கிழிந்தால் அதற்கும் செலவு.

மலையில் காற்றுக் குறைவு என்பதால் பொறி வராது என்பது நேர்மாறான கூற்று. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பைவிடக் குறைவு. அழுத்தம் குறையும்போது பொறி பிளக் இடைவெளியை இன்னும் எளிதாகத் தாண்டும். உயரத்தால் வரும் தொல்லை வேறு. காற்றுக் குறைவதால் காபரேட்டர் தரும் கலவையில் பெற்றோல் மிகுந்து, பிளக் கரிபிடிக்கும். குளிரால் வரும் தொல்லை பெரும்பாலும் பற்றரிக்குத்தான். பனியாலும் ஈரத்தாலும் வரும் தொல்லை கெப்புக்கும் தடித்த வயர்களுக்கும் உண்டு, அது உண்மை. அந்தப் பழுதில் கொயில் வயரில் பொறி இருக்கும், பிளக்கில் இருக்காது.

அப்படி ஒரு நிலை இனி உங்களுக்கும் வரலாம் என்பதால் அதையும் சொல்லி வைக்கிறேன். கொயில் வயரில் பொறி நன்றாகப் பாய்ந்து, பிளக்கில் இல்லையென்றால் கெப்பையும் அதனுள் சுழலும் ரோட்டரையும் பாருங்கள். கெப்பின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, நடுவிலுள்ள கரித்துண்டு வில்லோடு அசைகிறதா என்று அழுத்திப் பார்த்து, ஒரு முனையிலிருந்து மற்றதற்குப் பென்சிலால் கீறியது போல மெல்லிய கரிக்கோடு ஓடுகிறதா என்று தேடுங்கள். கோடு இருந்தால் கெப்பை மாற்றத்தான் வேண்டும், சுரண்டினாலும் அது திரும்ப வரும். ரோட்டரைச் சோதிக்க, அதைத் தன் அச்சிலேயே வைத்து, கொயில் வயரின் நுனியை அதன் பித்தளைத் தகட்டுக்கு 3 மில்லிமீற்றர் மேலே பிடித்து, பொயின்டை விலக்கி விலக்கிப் பாருங்கள். தகட்டுக்குப் பொறி விடாமல் பாய்ந்தால் ரோட்டர் உள்ளே துளைபட்டு, அடியிலுள்ள அச்சுக்கு மின்சாரத்தைக் கசியவிடுகிறது. நல்ல ரோட்டரில் அப்படிப் பாயாது. உங்கள் கெப்பும் ரோட்டரும் இன்னும் பழையவையே என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. சோதனையில் தேறினால் அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சந்தையில் வரும் மலிவான ரோட்டர்கள் சிலவற்றில், தகட்டைப் பிடிக்கும் ஆணி அச்சுக்கு மிக நெருக்கமாக இறங்கியிருப்பதால் சில நாட்களிலேயே இந்தக் கசிவு வருகிறது. பிளக் வயர்களைக் கழற்றுவதாயின் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றிவிட்டால், இந்த இயந்திரத்தின் ஒழுங்கு 1, 3, 4, 2 என்பதையும், ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது என்பதையும் நினைவில் வைத்துப் பூட்ட வேண்டும்.

எலெக்ட்ரோனிக் முறை கெட்டதல்ல. பொயின்ட் தேய்வதில்லை, நேரம் மாறுவதில்லை, கெப்புக்குள் மறைந்திருப்பதால் காரின் பழமையும் கெடுவதில்லை. தினமும் கொழும்புக்குப் போய்வருபவராயின் நானே பூட்டித் தருவேன். ஆனால் மாதம் இரண்டு தடவை தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் போய்வரும் காருக்கு நான் பொயின்டையே விரும்புகிறேன். பொசிட்டிவ் எர்த் காருக்கென்றே செய்த அலகைத் தேடிப்பிடிக்க வேண்டும், நெகடிவ் எர்த் அலகைப் பூட்டிச் சுவிச் போட்டால் அந்தக் கணமே கருகிவிடும். அது பாதையில் செத்தால் திருத்தவும் முடியாது. பொயின்ட் எவ்வளவு கெட்டாலும் செயின்ட் கிளயர் வளைவில் மழைக்கு நடுவே ஒரு தீப்பெட்டியாலும் சிறு ஸ்குரூ டிரைவராலும் வீடுவரை கொண்டு வந்துவிடலாம். எப்படியாயினும், காரில் பழுது இருக்கும்போது மாற்றம் செய்யக்கூடாது. முதலில் பொயின்டிலேயே ஓட்டிக் காட்டுங்கள். அதன் பிறகும் விருப்பமிருந்தால், கழற்றிய பொயின்ட், கண்டென்சர், வொஷர்கள் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் காரிலேயே வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

அடுத்த மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை இயந்திரத்தை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிடுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துவது ஈரத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. கொட்டகையின் தகரத்தில் இரவில் கோக்கும் நீர் பொனட்டில் சொட்டாதபடி மேலே ஒரு படங்கைக் கட்டுங்கள், ஆனால் காரையே படங்கால் இறுக மூட வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே கடதாசித் துண்டுச் சோதனையைச் செய்துபார்த்து, கண்டென்சரைப் பிரிக்குமுன்னும் பிரித்த பின்னும் மீற்றர் காட்டிய அளவுகளை எழுதியனுப்புங்கள். இரண்டிலும் தொடர்பு காட்டினால், நட்டைக் கழற்றும் முன்னர் அந்த இடத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.